பட்டத்துக்கு ஒரு பிளான்

இந்தத் தை பிறந்ததும் என் மகள் கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டிவிட்டாள். வருடத்தை நான்காகப் பிரித்துக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அவளும் அவள் புருசனும் முடிக்க வேண்டியதை எழுதியிருக்கிறார்கள். எடை குறைப்பது, ஏதோ ஒரு பரீட்சை எழுதுவது, இப்படி. ஒரு கட்டத்தை எனக்காகக் காலியாக விட்டு, "சொல்லும்மா, உன் பிளான் என்ன?" என்று பேனாவோடு வந்து நின்றாள். எனக்கு ஒரு பிளானும் இல்லை, போய் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். அவளுக்கு முகம் வாடிப்போயிற்று. பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

உங்களுக்குச் சொன்னால் புரியும். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு அதையே வீடெல்லாம் தேடுகிற வயதுக்கு நாமெல்லாம் வந்துவிட்டோம். பழையதைப் பேசினால் கொட்டாவி விடாமல் கேட்கிறவர்கள் இனி நமக்குள் நாம்தான். இந்தப் பருவத்துக்குள் இதை முடித்தே தீருவேன் என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால், கிணற்றில் மோட்டார் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்க ஆரம்பித்துவிடும். கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

எங்கள் தோட்டம் சோமனூருக்கு வடக்கே இருந்தது. ஊரை விட்டுத் தள்ளி, தோட்டத்துக்குள்ளேயே வீடு. காற்று திரும்பினால் தறிச் சத்தம் வரும். இல்லாவிட்டால் காக்கையும் மயிலும்தான். எண்பதுகளின் நடுவில் இரண்டு வருடம் மழை ஏமாற்றியது. தென்னைமரங்கள் குரும்பையை உதிர்த்துக்கொண்டே இருந்தன. அப்பா காலையில் எழுந்ததும் சாமி கும்பிட மாட்டார். கிணற்று மேட்டில் போய் நின்று தண்ணீர் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று பார்ப்பார். அவர் திரும்பி வருகிற முகத்தைப் பார்த்துத்தான் அம்மா அன்றைய பேச்சைத் தொடங்குவாள்.

அந்தச் சமயத்தில்தான் யாரோ கூப்பிட்டார்கள் என்று அப்பா கோயமுத்தூரில் ஒரு மண்டபத்துக் கூட்டத்துக்குப் போய்வந்தார். வெயிலில் கோட்டு போட்ட ஒரு ஆள் மேடையில் நின்று, வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்று நாள் முழுவதும் பேசினாராம். ஆசைப்படுகிறவன் ஆசைப்பட்டுக்கொண்டே இருப்பான், பிளான் போட்டவன் முன்னேறுவான் என்றாராம். அப்பாவுக்கு அது நெஞ்சில் ஆணியாய் இறங்கிவிட்டது. வந்தவர் அதை அப்படியே வைத்துக்கொள்ளாமல் தோட்டத்துக்கு ஏற்ற மாதிரி திருப்பிக்கொண்டார்.

"வெதைக்குப் பட்டம் இருக்குதல்லொ? அதேமாரி மனுசனுக்கும் பட்டம் இருக்கோணும். ஆடிக்கு ஒண்ணு, தைக்கு ஒண்ணு, சித்திரைக்கு ஒண்ணு. பட்டத்துக்கு ஒரு பிளான். அவ்வளவுதான்" என்றார்.

எங்கள் வீட்டில் விதைப்புப் பட்டம் தொடங்கும்போது விதையை நனைத்துச் சாக்கில் சுற்றி முளைப்பு பார்ப்பது வழக்கம். அதோடு இதுவும் சேர்ந்துகொண்டது. பட்டத்தின் முதல் நாள் காலையில் எல்லோரும் குளித்து வாசலில் வட்டமாக உட்கார வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் மண் நிரப்பிய ஒரு கொட்டாங்குச்சி. ஊறிய அவரை விதை ஒன்று. தன் பிளானை எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு விதையை விரலால் அழுத்த வேண்டும். பிறகு கொட்டாங்குச்சிகளைக் கிணற்று மேட்டில் வரிசையாக வைப்போம். பட்டம் முடிகிற அன்று யார் பிளான் முடியவில்லையோ அவர்கள் கொட்டாங்குச்சியைச் செடியோடு குப்பைமேட்டில் கவிழ்த்துவிடுவார் அப்பா. பூ விட்டிருந்தாலும் சரி, பிஞ்சு விட்டிருந்தாலும் சரி, இரக்கமே கிடையாது.

வீட்டில் நாங்கள் நாலு பேர். அப்பா, அம்மா, நான், அப்பாவின் கடைசித் தங்கையான என் அத்தை. அத்தைக்குப் பெற்றவர்கள் இல்லை; அப்பாதான் தூக்கி வளர்த்தார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா எங்கள் பங்காளி. பிளான் சொல்கிற நாளில் அவரும் வந்து வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பார், சாட்சி மாதிரி.

முதல் ஆடியில் அத்தைதான் முதலில் சொன்னாள். பன்னிரண்டாம் வகுப்பு பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் இருந்தாள். "நர்சு படிப்புக்கு எழுதிப் போட்டு எடம் வாங்கோணுங்கண்ணா" என்றாள். சொல்லும்போதே அவள் முகம் சிவந்துபோயிற்று.

அப்பா சிரித்தார். கோபமே இல்லை. "அது ஆசை அம்மிணி. பிளான்னா ஊட்டுக்கு ஆகறதாச் சொல்லோணும். வேற சொல்லு."

அத்தை கொட்டாங்குச்சி மண்ணை விரலால் சமன்செய்தாள். பிறகு, தையல் பழகுகிறேன் என்று சொல்லி விதையை அழுத்தினாள். அந்தப் பட்டம் முடிவதற்குள் எனக்கு இரண்டு பாவாடை தைத்துக் கொடுத்துவிட்டாள். அவள் செடி மட்டும் குப்பைமேட்டுக்குப் போகவே இல்லை.

அம்மாவின் பிளானைக் கேட்டால் நீங்களும் சிரிப்பீர்கள். ஆடியில், கறுப்புக் கோழியை அடை வைக்க வேண்டும். தையில், பீர்க்கன் பந்தல் போட வேண்டும். சித்திரையில், வடகம் பிழிந்து முடிக்க வேண்டும். "இவ பிளான் அடுப்படியத் தாண்டாதுங்க" என்று அப்பா பெரியப்பாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எனக்கு அம்மாவை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் அம்மாவெல்லாம் பெரிய பெரிய காரியம் பேசுவதாக எனக்கு ஒரு நினைப்பு.

அப்பா கெட்டவர் இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சந்தையிலிருந்து வரும்போது எனக்குத் தேங்காய் பன்னும் அத்தைக்குக் கனகாம்பரமும் மறக்காமல் வாங்கிவருவார். அத்தைக்குக் காய்ச்சல் என்றால் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்குப் பயந்துகொள்ளவாவது தெரிந்திருக்கும்.

தை முடிகிற சமயத்தில் அத்தையைப் பெண் கேட்டு ஒரு ஜீப் வந்தது. பவானிப் பக்கத்துக்காரர், போர் போடுகிற லாரி சொந்தமாக வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையெல்லாம் சுத்தம். வந்தவர் வீட்டைப் பார்க்கவில்லை, அத்தையையும் பார்க்கவில்லை. நேராகக் கிணற்று மேட்டுக்குப் போனார். ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

"தண்ணி இருக்குதுங்க. ஆளம்தான் பத்தாது. போர் எறக்குனா எந்திரிச்சு வந்துரும்" என்றார்.

அப்பாவின் முகம் அப்படி மலர்ந்ததை நான் வெகுநாள் கழித்து அன்றுதான் பார்த்தேன்.

அந்த மனிதருக்கு முதல் மனைவி இறந்துபோயிருந்தாள். தண்ணீர் சேந்தும்போது கால் வழுக்கிக் கிணற்றில் விழுந்துவிட்டாள் என்றார்கள். ஜீப் போன பிறகு அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, மோட்டார் இருக்கற ஊட்டுல அந்தப் புள்ள எதுக்குங்க கெணத்துல தண்ணி சேந்தப் போச்சு?"

அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "செத்தவளப் பத்தி நமக்கு என்ன பேச்சு. ரசம் ஊத்து" என்றார். அம்மா ஊற்றினாள்.

சித்திரை முதல் நாள் வாசலில் உட்கார்ந்தோம். அப்பா தன் விதையைக் கையில் வைத்துக்கொண்டு, "வைகாசிக்குள்ள அம்மிணி கல்யாணத்த முடிச்சு, ஆடிக்கு முன்னால நம்ம தோட்டத்துல போர் எறக்கித் தண்ணி பாக்கோணும்" என்றார். இரண்டும் ஒரே பிளான் என்பதுபோல ஒரே மூச்சில் சொன்னார். பெரியப்பா தலையாட்டினார். அப்பா ஒரே அழுத்தில் விதையை இறக்கிவிட்டார்.

அத்தையின் முறை வந்தது. "நீச்சல் பழகோணுங்கண்ணா" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு நீச்சல் எதற்கு என்று பெரியப்பா கேட்டார். அப்பா அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். "பழகட்டும் உடுங்கண்ணா. போற வரைக்கும் புள்ள ஆசைப்பட்டதச் செய்யட்டும்" என்றார். நானும் அத்தையோடு சேர்ந்து நீச்சல்தான் என்றேன். அம்மா வடகம் என்றாள்.

அந்தச் சித்திரை வெயில் இன்னும் என் முதுகில் இருக்கிறது. மத்தியானம் ஆண்கள் யாரும் கிணற்றுப் பக்கம் வராத நேரமாகப் பார்த்து நாங்கள் மூவரும் போவோம். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு நானும் அத்தையும் படியில் இறங்குவோம். அம்மா மேட்டில் காவல். கிணற்றுக்குள் இறங்க இறங்க வெயில் குறைந்து, பாசி வாடையும் புறா எச்ச வாடையும் கலந்து ஒரு குளிர்ச்சி வரும். பேசினால் பேச்சு சுவரில் முட்டி நம்மிடமே திரும்பி வரும். தண்ணீர் பச்சையாக இருக்கும். உள்ளே கைவிட்டால் விரல் தெரியாது.

நான் குடுக்கையைக் கழற்றவே பயந்தேன். அத்தை சீக்கிரமே கழற்றி எறிந்துவிட்டாள். அப்புறம் அவளுக்கு நீந்துவது போதவில்லை, மூழ்க ஆரம்பித்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போவாள். தண்ணீர் மூடிக்கொள்ளும், வட்டம் வட்டமாக அலை வந்து அடங்கும், பிறகு ஒன்றுமே இருக்காது. நான் படியில் உட்கார்ந்து அழத் தயாராகும் சமயத்தில் தலை தெரியும். ஒருநாள் அப்படி வந்தவள் மூடிய கையை மேலே தூக்கி விரித்தாள். கறுப்பாகச் சேறு.

"அடி மண்ணத் தொட்டுட்டேனுங்க நங்கை!" என்று கத்தினாள். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம்.

மேலேயிருந்து அம்மா கேட்டாள். "அடியில எப்படி அம்மிணி இருக்குது?"

"இருட்டுதானுங்க. பரவால்லீங்க, மூச்சுப் புடிக்கப் பழகிட்டேன். போற ஊட்டுக் கெணறு இதவிட ஆளமாமுங்களே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அம்மா சிரிக்கவில்லை. வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு அத்தையைப் பார்த்தபடி நின்றாள். கொதிக்கிற கல்லில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கால் செருப்பு எனக்குக் கீழேயிருந்து நன்றாகத் தெரிந்தது. பழுப்பு நிறத் தோல் செருப்பு, வார் அறுந்து சிவப்பு நூலால் தைத்தது. முள்காட்டில் நடக்கிறவள் என்பதால் அம்மா அது இல்லாமல் வாசல் இறங்க மாட்டாள்.

படியில் தலை துவட்டும்போது அத்தை எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். "கண்ணு, எனக்குக் காலைல எந்திரிச்சுக் கதவத் தொறந்தா மலை தெரியோணும். அப்படி ஊரு ஒண்ணு இருக்குது. என்கூடப் படிச்சவ ஒருத்தி அங்கதான் ஆஸ்பத்திரில வேல பாக்கறா." நான் எனக்கும் அங்கே வர வேண்டும் என்றேன். "வாரலாம், வாரலாம். யாருகிட்டயும் சொல்லிப்போடாதே" என்று என் மூக்கை நிமிண்டினாள்.

வைகாசியில் பத்திரிகை அடித்தாயிற்று. முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, விடிந்தும் விடியாத நேரத்தில் எனக்கு விழிப்பு வந்தது. வாசலுக்கு வந்தேன். கிணற்றுப் பாதையிலிருந்து அம்மா வந்துகொண்டிருந்தாள். கையில் ஒன்றும் இல்லை. சேலைக் கரையெல்லாம் மண். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பிறகு வந்து என் தலையைத் தடவி, "பல்லு வெளக்கிப்போட்டு வா சாமி, காப்பி வெக்கறேன்" என்றாள். உள்ளே அத்தையின் பாய் சுருட்டி வைத்திருந்தது. சோமனூர்ப் பக்கம் போகிற முதல் பஸ்ஸின் ஹாரன் தூரத்தில் கேட்டது.

மோட்டார் போட வந்த பெரியப்பாதான் முதலில் கத்தினார். கிணற்று மேட்டில், எங்கள் கொட்டாங்குச்சி வரிசைக்குப் பக்கத்தில், அத்தையின் நீல வார் ரப்பர் செருப்பு ஜோடியாக இருந்தது. ஒன்றில் வார் கழன்று வராமலிருக்க அவள் குத்திய ஊக்கு பளபளத்தது. யாரோ கோயிலுக்குள் போகும்போது கழற்றி வைத்த மாதிரி அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

அப்பா ஓடிவந்த வேகத்தில் படியில் உருண்டுவிட்டார். எழுந்து, "அம்மிணீ" என்று கிணற்றுக்குள் கூப்பிட்டார். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். கிணறும் அதே குரலில் திருப்பிக் கூப்பிட்டது. பெரியப்பாவின் மகன்கள் குதித்துத் தேடினார்கள். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டித் துழாவினார்கள். அது எதிலோ சிக்கிக் கயிறு அறுந்து கரண்டியும் உள்ளே போய்விட்டது.

நான், "அத்தைக்குத்தான் நல்லா நீச்சல் தெரியுமுங்களே" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்படி ஒரு கிள்ளு அதற்கு முன்னும் வாங்கியதில்லை, பின்னும் வாங்கியதில்லை.

"நீச்சல் தெரிஞ்சவ செத்துப்போகோணும்னு நெனச்சா கல்லக் கட்டிக்கிட்டுத்தான் உழுவா" என்றார் பெரியப்பா.

அப்போது அம்மா மெதுவாக, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "காலைல இருந்து ஆட்டுக்கல்லுக் கொழவியக் காணமுங்க."

அதோடு யாருக்கும் சந்தேகமில்லாமல் போயிற்று. அத்தை அடியில் இருக்கிறாள். கிணற்றை இறைத்தால்தான் எடுக்க முடியும். போலீசுக்குச் சொல்ல வேண்டாம், பேர் கெட்டுவிடும், முதலில் எடுப்போம் என்று முடிவாயிற்று. பஸ் ஸ்டாண்டுக்கோ அவளுடைய சினேகிதிகள் வீட்டுக்கோ ஆள் அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. கிணற்றில் கிடப்பவளை வெளியே போய் எதற்குத் தேடுவது?

மோட்டார் ஓட ஆரம்பித்தது. அந்தக் கோடை முழுவதும் சொட்டுச் சொட்டாகக் காத்துவைத்த தண்ணீர் வாய்க்கால் வழியாகப் போய், காய்ந்த சோளக்காட்டில் யாருக்கும் பயனில்லாமல் பரவியது. அப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மோட்டாருக்கான கரண்டு வருவதும் போவதுமாக இருந்தது. கரண்டு நின்றால் ஊற்று மறுபடி கசிந்து கொஞ்சம் ஏறிவிடும். வந்தால் மறுபடி இறைக்க வேண்டும். அன்று பகலும் போயிற்று, மறுநாளும் சாயங்காலம் ஆகிவிட்டது. சொந்தக்காரர்கள் மேட்டைச் சுற்றி நின்றார்கள். பெண்கள் ஒப்பாரிக்குத் தொண்டையைத் தயார்செய்துகொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள்.

ஜீப்பும் வந்தது. பவானிக்காரர் சத்தமில்லாமல் மேட்டில் வந்து நின்று எட்டிப் பார்த்தார். கல் போடவில்லை. "எனக்கு மட்டும் ஏனுங்க இப்படியே அமையுது" என்றார். அப்பாவைக் கேட்டாரா, கிணற்றைக் கேட்டாரா என்று தெரியவில்லை. அந்தக் குரலில் வருத்தம் இருந்ததா என்று இத்தனை வருடமாக யோசித்துப் பார்க்கிறேன். அலுப்புதான் இருந்தது.

தண்ணீர் இறங்க இறங்க எங்கள் வீட்டுத் தொலைந்த சாமானெல்லாம் வெளியே வந்தது. நான் பிறப்பதற்கு முன் விழுந்த பித்தளைச் சொம்பு. நெளிந்த வாளி. என் சிவப்பு ரப்பர் பந்து. ஒரு தூக்குப்போசியும் அதன் மூடியும், தனித்தனியாக. முந்தின நாள் விழுந்த பாதாளக் கரண்டி. கடைசியாகச் சேற்றில் பாதி புதைந்து, ஈரமாக, ஆட்டுக்கல் குழவி.

குழவியில் கயிறு இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை.

உள்ளே இறங்கியவர்கள் கடப்பாரையால் சேற்றைக் கிளறினார்கள், சுவரின் பொந்துகளில் கைவிட்டுப் பார்த்தார்கள். பிறகு மேலே பார்த்து, "ஆரும் இல்லீங்கோ" என்று கத்தினார்கள். எனக்குச் சந்தோசத்தில் குதிக்கத் தோன்றியது. அத்தை சாகவில்லை! அப்பாவின் கையைப் பிடித்தேன். ஒரு பகல், ஒரு இரவு, மறு பகல் என்று அழுதழுது கண் வீங்கியிருந்தவர்; இப்போது சிரிப்பார் என்று அண்ணாந்து பார்த்தேன்.

அப்பா மேட்டில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். சோளக்காட்டில் கொட்டிப்போன தண்ணீரைப் பார்த்தார். அவர் கை என் கைக்குள் கல் மாதிரி ஆகிக்கொண்டு வந்தது.

"உள்ளயே கெடந்திருக்கலாம்" என்றார்.

தூக்கி வளர்த்தவர் சொன்னார். கனகாம்பரம் வாங்கித் தந்தவர் சொன்னார். எனக்கு அப்போது அந்த வார்த்தை முழுதாகப் புரியவில்லை. ஆனால் கையை உருவிக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் பக்கத்தில் படுக்க எனக்குப் பயமாகிவிட்டது. அப்பா அத்தையின் கொட்டாங்குச்சியை எடுத்து வெறும் கிணற்றுக்குள் வீசினார். அது அடியில் போய் உடைகிற சத்தம் கேட்டது. அம்மா குழவியை வாங்கிக்கொண்டு போய்ப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். மறுநாள் காலை அதே குழவியால் மாவு ஆட்டினாள்.

அத்தை எந்த ஊருக்குப் போனாள், இப்போது எங்கே இருக்கிறாள் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். இத்தனை வருடம் ஆகிவிட்டதே, இனி என்ன என்பீர்கள். பெரியப்பாவின் மகன்கள் இன்றும் கல்யாண வீடுகளில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்த அத்தையப் பத்தி ஏதாச்சும் தாக்கல் தகவல் உண்டா கண்ணு?" என்று கேட்கிறார்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே இல்லை என்கிறேன்.

கிணறு அதற்கப்புறம் நிரம்பவில்லை. போர் லாரியும் வரவில்லை. ஆடி பிறந்தது. வழக்கம்போல அப்பா விதையை ஊற வைத்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவருடைய சித்திரைப் பிளான் மண்ணாய்ப் போனதே, தன்னுடைய செடியை அவரே கவிழ்த்தாரே, இனியும் இது எதற்கு என்று நினைத்தேன். காலையில் வாசலில் உட்கார்ந்தோம். பெரியப்பாவோடு அவர் மகன்களும் வந்திருந்தார்கள். யாரும் வெற்றிலை போடவில்லை.

அப்பா விதையைக் கையில் எடுத்தார். "இந்தப் பட்டத்துக்குள்ள அவளக் கண்டுபுடிக்கோணும்" என்றார்.

கண்டுபிடித்து என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. பெரியப்பா தன் பிளானும் அதுதான் என்றார். மகன்களில் பெரியவன், தான் ஒரு வேன் பேசி வைத்திருப்பதாகச் சொன்னான். ஒவ்வொருவராக விதையை அழுத்தினார்கள்.

பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார். ஒரு மாதமாக என்னிடம் பேசாதவர். என் கன்னத்தைத் தொட்டார். பழைய அப்பாவின் குரல்.

"கண்ணு, நீ சொல்லு. அத்தை உன்கிட்டத்தான எல்லாம் சொல்லுவா. எந்த ஊரப் பத்தியாச்சும் பேசினாளா? அப்பாவுக்காக ரோசன பண்ணிப் பாரு சாமி."

அந்தக் குரலுக்கு நான் ஏங்கிப் போயிருந்தேன். அதுதான் உண்மை. அவர் மறுபடி என்னைத் தூக்கிக்கொள்வார் என்றால் நான் எதையும் கொடுத்திருப்பேன். மலை தெரிகிற ஊர், ஆஸ்பத்திரி, கூடப் படித்தவள் என்று மூன்றும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. வாயைத் திறந்தேன்.

"எனக்கு ஒரு சோடி செருப்பு வாங்கோணுமுங்க" என்றாள் அம்மா.

அவளுடைய முறை அது இல்லை. யாரும் அவளைக் கேட்கவுமில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா முதலில் சிரித்தார், மகன்களும் சிரித்தார்கள். அப்பா என் கன்னத்திலிருந்து கையை எடுத்துத் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஊடே பத்தி எரியுது, இவளுக்குச் செருப்பு கேக்குது பாருங்கண்ணா! நான்தான் சொன்னேனல்லொ, இவ பிளான் அடுப்படியத் தாண்டாதுன்னு."

நான் அம்மாவின் காலைப் பார்த்தேன். குதிகால் இரண்டும் வெடித்து, நெருஞ்சி முள் குத்திய இடமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. சிவப்பு நூல் தைத்த அந்தப் பழுப்புச் செருப்பைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். அன்று விடியற்காலையில் கிணற்றுப் பாதையில் வந்தபோதே அவள் வெறுங்காலோடுதான் வந்தாள். மேட்டில் ஒரு ஜோடியை வைக்க வேண்டுமென்றால் பஸ் ஏறுகிறவள் காலுக்கு வேறு ஜோடி வேண்டும்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கண் மட்டும் என்மேல் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"சரி, சந்தைக்குப் போறப்ப வாங்கிக்கலாம்" என்றார் அப்பா. அம்மா கொட்டாங்குச்சியை மடியில் வைத்து, விதையை நிதானமாக அழுத்தி, மேலே மண்ணைத் தள்ளி மூடினாள்.

"நல்ல ஈரமுங்க" என்றாள். "மொளச்சிரும்."